முதலில் மாவைக் கொடுங்கள், அப்புறம் படம் எடுங்கள்

ஒன்றிய அரசின் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்துக்கும், தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகளைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் மேலூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் துணி தைத்துப் பிழைக்கிறவள். வயது 46. போன புரட்டாசி முதல் வாரத்தில் என் மகளுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள், அந்தக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அவள் பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்த ஆனி மாதக் கடைசியிலிருந்து பிள்ளைக்கு ஒரு மாதம் ஆகும்வரை, மூன்று மாதத்துக்கு மேல், அவளுக்குச் சேர வேண்டிய சத்துமாவு ஒரு பாக்கெட் கூடக் கைக்கு வரவில்லை. மாவு ஊரில்தான் இருந்தது. அங்கன்வாடி அலமாரிக்குப் பக்கத்தில் மூட்டையாக அடுக்கியிருந்ததை நானே பார்த்தேன். டீச்சரின் செல்போன் என் மகளின் முகத்தை ஒப்புக்கொள்ளவில்லை, அதனால் கொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான் காரணம்.

இதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு பால்வாடி புதிது இல்லை. 1980-ல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஆரம்பித்தபோது முதலில் நடத்திப் பார்த்தது எங்களுக்கு அடுத்த கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான். மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளை மாதாமாதம் தராசில் தொங்கவிட்டு எடை பார்ப்பார்கள், எடை ஏறாமல் நின்றுபோன பிள்ளைக்கு 90 நாள் சத்து உருண்டை கொடுப்பார்கள், தேறிவிட்டால் நிறுத்திவிட்டு அடுத்த பிள்ளையைப் பார்ப்பார்கள். நானும் அப்படி உருண்டை தின்று தேறியவள்தான் என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். "எடை போடுற அக்கா முள்ளைப் பாத்துட்டு உருண்டையை உன் கையில வச்சுரும், நீ அங்கேயே நின்னு தின்னு முடிக்கணும், வீட்டுக்குக் கொண்டுபோக விடாது" என்பார். அப்புறம் 1982-ல் எம்.ஜி.ஆர் சத்துணவைக் கொண்டுவந்தார், பால்வாடிப் பிள்ளைகளுக்கும் மத்தியானச் சோறு வந்தது. என் மகளும் இதே ஊர் அங்கன்வாடியில் பாயில் உட்கார்ந்து முட்டை தின்று வளர்ந்தவள். அந்தத் தராசைப் பிடித்தவர்களும், சோறாக்கிப் போட்ட ஆயாவும் எங்களை முகம் பார்த்தே தெரிந்து வைத்திருந்தார்கள். யார் வீட்டில் யார் முழுகாமல் இருக்கிறாள் என்பது அவர்களுக்குப் புருஷனுக்கு அடுத்தபடியாகத் தெரியும். இப்போதிருக்கும் டீச்சரும் அப்படித்தான், 15 வருஷமாக இங்கேதான் இருக்கிறார், என் மகளைப் பாவாடை சட்டையில் பார்த்தவர்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

மகளைப் பல்லடம் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறது. மாப்பிள்ளை விசைத்தறி ஓட்டுகிறார். அவள் பிள்ளை உண்டானதும் அங்கேயே பதிந்து, கர்ப்பத்தைப் பதிந்ததற்கு அரசாங்கம் கொடுக்கும் பிக்மி எண் வாங்கி, அங்கேயே அங்கன்வாடியிலும் பெயர் கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துப் பெட்டகமும் வாங்கிவிட்டாள். பேரீச்சம்பழம், நெய், டானிக் எல்லாம் குறையில்லாமல் வந்தது. ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு இங்கே அழைத்து வந்தோம். இங்கே செக்கப்புக்குப் போனால் ரத்தம் 9.2 என்று வந்தது. 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான், நன்றாகச் சாப்பிட வேண்டும், அங்கன்வாடியில் மாவு வாங்கிக் கஞ்சி காய்ச்சிக் கொடுங்கள் என்று நர்ஸம்மா சொல்லி அனுப்பினார்.

மறுநாளே போனோம். டீச்சர் செயலியில் தேடிப் பார்த்துவிட்டு, பெயர் பல்லடத்து மையத்தில் இருக்கிறது, அங்கிருந்து இங்கே மாற்றினால்தான் கொடுக்க முடியும் என்றார். அங்கன்வாடிகளுக்காக ஒன்றிய அரசு கொடுத்திருக்கும் போஷன் டிராக்கர் என்ற அந்தச் செயலியில் பெயரை மாற்றிக்கொள்ள வழி இருப்பது உண்மைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு படிக்கும் ஓடிபி கேட்டது. ஆதாரோடு இணைத்திருக்கும் நம்பர் மாப்பிள்ளையுடையது. அவர் தறிப் பட்டறையில் நிற்கும்போது போன் அடித்தாலே கேட்காது, நைட் ஷிப்ட் என்றால் பகலில் போனை அணைத்துவிட்டுத் தூங்குவார். எண் வந்து, அவர் பார்த்து, எங்களுக்கு போன் போட்டுச் சொல்வதற்குள் நேரம் முடிந்துபோகும். மூன்று தடவை இப்படி ஆனது. நடுவில் அந்த ஊர் டீச்சருக்கு மீட்டிங், எங்கள் டீச்சருக்கு வேறு வேலை. பெயர் இங்கே வந்து சேரும்போது ஆவணி பிறந்துவிட்டது.

அப்புறம் முகம். 2025 ஜூலை 1 முதல் வீட்டுக்குக் கொடுக்கும் மாவை முகம் ஒத்துப்போனால்தான் கொடுக்க வேண்டும் என்று நீங்கள் கட்டாயமாக்கியிருக்கிறீர்கள். என் மகளின் ஆதாரில் இருப்பது பத்தாவது படிக்கும்போது எடுத்த படம். ரெட்டைச் சடை, ஒட்டிய கன்னம். இப்போது ஒன்பதாவது மாதத்தில் முகம் ஊதி, கண் இடுங்கிப் போயிருந்தது. டீச்சர் முதலில் உள்ளே வைத்து எடுத்தார், வெளிச்சம் போதவில்லை என்று வந்தது. வெளியே வேப்பமரத்தடிக்கு வரச் சொன்னார், அங்கேதான் டவரும் கொஞ்சம் கிடைக்கும். கண்ணைச் சிமிட்டு, இன்னொரு தடவை சிமிட்டு, பொட்டை எடுத்துட்டுப் பாப்போம், முடியைப் பின்னால தள்ளு என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தோம். பகல் பதினொரு மணி. கால் இரண்டும் வீங்கியிருந்ததால் செருப்பு போட முடியாமல் வெறுங்காலோடு வந்திருந்தவள் வெயில் மண்ணில் மாற்றி மாற்றிக் கால் வைத்துக்கொண்டு நின்றாள். ஏழெட்டுத் தடவை எடுத்தும் ஒத்துவரவில்லை. டீச்சரின் இடது கையில் மாவு பாக்கெட் இருந்தது. வலது கையில் போன். "எனக்குத் தெரியாதா உன்னை, இது ஏத்துக்க மாட்டேங்குதே தாயி" என்று அவர்தான் அழாக்குறையாகச் சொன்னார். பாக்கெட் திரும்ப மூட்டைக்குப் போய்விட்டது.

அடுத்த இரண்டு வாரத்தில் இன்னும் இரண்டு தடவை போனோம். ஒரு நாள் சர்வர் இல்லை, ஒரு நாள் மறுபடி முகம் ஒத்துவரவில்லை. அப்புறம் வலி வந்துவிட்டது.

பிள்ளை பிறந்தபின் நிலைமை இன்னும் மோசம். பச்சை உடம்புக்காரி முப்பது நாள் படி தாண்ட மாட்டாள் என்பது எங்கள் பக்கம் எல்லார் வீட்டிலும் இருக்கிற வழக்கம், ஆபரேஷன் ஆனவள் என்றால் வழக்கமே தேவையில்லை, நடக்கவே முடியாது. முன்பெல்லாம் மாமியாரோ அம்மாவோ போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கி வருவோம். இப்போது அவள் முகம் வேண்டுமே. நான் போய்க் கேட்டதற்கு டீச்சர், சாயங்காலம் நானே வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லி, சொன்னபடி போனோடு வந்தார். அறைக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுபடவில்லை. கடைசியில் மகளைக் கைத்தாங்கலாகத் திண்ணைக்குக் கொண்டுவந்து உட்காரவைத்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, நான் ஒரு பக்கம் டார்ச் அடிக்க, ஐப்பசி முதல் வாரத்தில் ஒரு வழியாக ஒத்துப்போனது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவளை ஒரு பாக்கெட் மாவுக்காக அந்த நேரத்தில் வெளியே கொண்டுவந்து உட்கார வைத்தோமே என்று எனக்கு இன்றைக்கும் மனது ஆறவில்லை.

அவள் எப்படியோ சமாளித்துக்கொண்டாள். நான் தைத்துச் சம்பாதிப்பதில் கீரையும் முட்டையும் வாங்கிப் போட்டேன், ஆஸ்பத்திரியில் இரும்புச்சத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். தாய்வீடு இல்லாத பெண், கல் சூளையில் வேலை பார்க்கும் வடமாநிலப் பெண், புருஷன் போன் நம்பரே தெரியாத பெண், இவர்களெல்லாம் என்ன செய்வார்கள்? 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்தது. ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளில் 57.4 சதவீதம். மற்ற எத்தனையோ காரியங்களில் முன்னால் நிற்கிற மாநிலத்தின் கணக்கு இது. ஊருக்கு இரண்டில் ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் இல்லை என்றால், அந்த வேப்பமரத்தடியில் திரும்பிப் போகிறவர்களிலும் பாதிப் பேர் ரத்தம் இல்லாதவர்களாகத்தான் இருப்பார்கள்.

போலிப் பெயர்களை ஒழிக்கத்தான் இந்த ஏற்பாடு என்கிறீர்கள். நானும் ஒளிக்காமல் பேசுகிறேன். மாவு வெளியே போவது உண்டு. வாங்கிப்போய் மாட்டுக்குக் கரைத்து ஊற்றுகிற வீடுகளை நானே பார்த்திருக்கிறேன், ஊருக்கு நாலு வீடாவது இருக்கும். ஏன் ஊற்றுகிறார்கள் என்று கேட்டால், கஞ்சி கட்டி தட்டுகிறது, வாசம் பிடிக்கவில்லை, பிள்ளை துப்புகிறது என்பார்கள். முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அப்புறம் அடுப்பில் வைத்துக் கிண்ட வேண்டும் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது, கொதிக்கிற தண்ணீரில் கொட்டுகிறார்கள். கொஞ்சம் நெய் விட்டு உருண்டை பிடித்தால் பெரியவர்களே தின்பார்கள். இதையெல்லாம் உட்கார வைத்துச் செய்துகாட்ட டீச்சருக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைத்தான் போன் தின்றுவிடுகிறது. அந்தப் பெண் வாசல் வரை வந்தாள் என்பதை முகப்படம் காட்டும். அவள் குடித்தாளா, மாடு குடித்ததா என்பது படத்தில் தெரியப்போவதில்லை.

குடிக்கிறாளா என்று நிஜமாகவே பார்க்க வேண்டுமென்றால் தெலங்கானாவில் செய்வதைப் பாருங்கள். ஆரோக்ய லட்சுமி என்று 2015-லிருந்து கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் அங்கன்வாடியிலேயே சமைத்த சோறு, பருப்பு, காய், முட்டை, 200 மில்லி பால் கொடுக்கிறார்கள். என் அம்மா சொன்ன "அங்கேயே நின்னு தின்னு முடிக்கணும்" மாதிரிதான். அது செலவு, ஆள், அடுப்பு எல்லாம் கேட்கிற காரியம், நாளைக்கே வந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை.

அதனால் இப்போதைக்கு நான் கேட்பது சின்ன விஷயம். வாசலில் வந்து நிற்கிற பெண்ணுக்கு முதலில் மாவைக் கொடுங்கள். அப்புறம் படம் எடுங்கள். ஒத்துப்போனால் நல்லது. ஒத்துப்போகவில்லை என்றால், ஒத்துப்போகவில்லை என்று செயலியில் பதியட்டும், பதிவேட்டில் டீச்சர் கையெழுத்தோடு ஏறட்டும், சந்தேகம் இருந்தால் சூப்பர்வைசர் அந்த வாரமே வீட்டுக்கு வந்து பார்க்கட்டும். வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிறவளைப் போலி என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கள் ஊர் ரேஷன் கடையில் விரல் தேய்ந்துபோன கிழவிகளுக்கு ரேகை விழாவிட்டால் கார்டை ஸ்கேன் செய்து, விவரம் எழுதி, அரிசியைக் கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள். அதே முறை கர்ப்பிணிக்கும் கைப்பிள்ளைக்காரிக்கும் இருந்தால் போதும்.

இது உங்கள் தயவில் நடக்கிற காரியமும் இல்லை, சட்டத்திலேயே இருக்கிறது. 2013-ல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் நாலாவது பிரிவில் கர்ப்பகாலம் முழுவதும், பிள்ளை பெற்றபின் ஆறு மாதமும் அங்கன்வாடி மூலம் இலவச உணவு பெறுவது பெண்ணின் உரிமை என்று சொல்கிறது. அஞ்சாவது பிரிவு ஆறு மாதத்திலிருந்து ஆறு வயது வரை பிள்ளையின் உரிமையைச் சொல்கிறது. 2013-ல் சட்டம் வந்தபோதே கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 600 கலோரி, 18 முதல் 20 கிராம் புரதம் என்று அட்டவணை வேறு போட்டிருந்தார்கள். கொடுக்காமல் விட்டால் அதற்கு ஈடாக உணவுப் பாதுகாப்புப் படி தர வேண்டும் என்று எட்டாவது பிரிவு சொல்கிறது. எங்கள் ஊரில் யாரும் அப்படி ஒரு படி வாங்கி நான் கேள்விப்பட்டதில்லை. ஆதார் வழக்கில் 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, ஆதார் எண்ணைக் காட்ட முடியவில்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் எந்தத் திட்டத்தின் பலனையும் மறுக்கக் கூடாது, வேறு ஆவணத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு அம்மா சாப்பிடுகிற கஞ்சிதான் சாப்பாடு. அதையும் யோசித்துப் பாருங்கள்.

தாய்வீட்டு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது என் மகளுக்கு மட்டும் நடந்தது இல்லை. தமிழ்நாட்டில் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போகாத பெண் குறைவு. அரசாங்கமே சமுதாய வளைகாப்பு நடத்தி, மஞ்சள் குங்குமம் வைத்து, வளையல் போட்டு, கலவைச் சாதம் பரிமாறி அனுப்புகிறது. நல்ல காரியம், சொந்தபந்தம் இல்லாத பெண்கள் அன்றைக்கு அழுதுவிடுவார்கள், நான் பார்த்திருக்கிறேன். வளைகாப்பு முடிந்த கையோடு பெண் ஊர் மாறுவாள் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதானே. ஏழாம் மாதத்திலிருந்து பிள்ளைக்கு மூன்றாம் மாதமோ அஞ்சாம் மாதமோ ஆகும்வரை அவள் அம்மா வீட்டில் இருப்பாள். வயிற்றில் பிள்ளை வேகமாக எடை கூடுவதும், பிறந்தபின் பால் சுரந்தாக வேண்டியதும் அந்த மாதங்களில்தான். அதே மாதங்களில் அவள் பெயர் ஒரு ஊரிலும் ஆள் ஒரு ஊரிலுமாக இருக்கிறது. ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் பிக்மி எண் கொடுக்கிறீர்கள், அது இல்லாமல் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்குவதே பெரும்பாடு. அந்த எண்ணையும் செக்கப் புத்தகத்தையும் காட்டினால் தமிழ்நாட்டில் இருக்கிற 54,000-த்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகளில் எதிலும் மாவு கிடைக்கும் என்று ஒரு உத்தரவு போட முடியாதா? பெயர் மாற்றத்தை அலுவலகத்துக்கு அலுவலகம் மெதுவாகச் செய்துகொள்ளட்டும், யார் வேண்டாம் என்றது.

டீச்சர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு யாராவது எங்கள் ஊர் டீச்சருக்கு மெமோ கொடுத்துவிடாதீர்கள், அதனால்தான் ஊர்ப் பெயரே எழுதவில்லை. காலையில் பிள்ளைகளுக்குப் பாட்டு, மத்தியானம் சாப்பாடு, எடை, உயரம், வீடு வீடாகப் போவது, இதற்கு நடுவில் கார்த்திகையில் வாக்காளர் பட்டியல் படிவத்தையும் தூக்கிக்கொண்டு அலைந்தார். எங்களுக்குப் பக்கத்துக் குக்கிராமத்து மையத்தில் ஆள் போடவில்லை, அதையும் இவரேதான் பார்க்கிறார். 2025-ல் 7,783 இடங்களை நிரப்பப்போவதாக மாநில அரசு அறிவித்தது, அதைச் சீக்கிரம் முடித்துவிடுங்கள்.

பணத்தைப் பற்றி நீளமாகப் பேச எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 8 ரூபாய், கர்ப்பிணிக்கு 9 ரூபாய் 50 காசு என்று ஒன்றிய அரசு 2017-ல் போட்ட கணக்கு, எங்கள் கடைத்தெருவில் ஒரு டீக்குக் கூடப் போதாது. மாநில அரசு தன் பங்குக்கு முட்டை அது இது என்று சேர்த்துப் போடுவதால்தான் இங்கே ஓரளவு ஓடுகிறது. 2017-ல் பருப்பு விற்ற விலையும் இன்றைய விலையும் உங்களுக்குத் தெரியாதது இல்லை.

மாசி மாதம் மாப்பிள்ளை வீட்டார் வந்து மகளையும் பேரனையும் பல்லடத்துக்கு அழைத்துப்போகிறார்கள். பெயரை மறுபடியும் இங்கிருந்து அங்கே மாற்ற வேண்டும், மறுபடியும் ஓடிபி, மறுபடியும் மாப்பிள்ளையின் நைட் ஷிப்ட். பங்குனியில் பேரனுக்கு ஆறு மாதம் முடிகிறது. அவன் பெயரிலேயே முதல் மாவு பாக்கெட் வர வேண்டிய மாதம் அது. அதற்குள் அந்த உத்தரவைப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா